ஏழாம் முனை

என் மனைவியின் இடது மேல்கைக்குள், தசைக்கு அடியில், இரண்டு நரம்புகளைச் சுற்றி இரண்டு மெல்லிய பட்டைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் குழந்தை மோதிரத்தைவிடச் சின்னது. உள்ளே பேட்டரி கிடையாது. தோலைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும் ஒயர் எதுவும் கிடையாது. மேல்கையில் வளையம் ஒன்றைக் கட்டிக்கொண்டால் போதும், தோலின் வழியாகவே மின்சாரம் உள்ளே போய்விடும். அவள் விரலை மடக்க நினைத்தால் நரம்பில் ஓடும் துடிப்பைப் பட்டை கேட்டு வளையத்துக்குச் சொல்லும், வளையம் பிளாஸ்டிக் கைக்குச் சொல்லும், கை மடங்கும். இது போகிற வழி. பிளாஸ்டிக் கை எதையாவது தொட்டால் அந்தச் செய்தி உள்ளே போய் நரம்பை லேசாகத் தட்டும். இல்லாத விரலில் தொட்ட மாதிரி இருக்கும். இது வருகிற வழி.

நான் லிஃப்ட் மெக்கானிக். ஏறுவதும் இறங்குவதும்தான் என் பிழைப்பு என்பதால் இதைப் புரிந்துகொள்ள எனக்குச் சிரமம் இருக்கவில்லை. புரியாமல் போனது வேறு. அதற்கு வருமுன் ஒன்றிரண்டு விஷயங்களைச் சொல்லிவிட வேண்டும்.

முதலாவது, கை போன விஷயம். இதை நீட்டிச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. எங்களுக்கு ஒரு மகன் இருந்தான். பிறக்கும்போதே பொடியன். பள்ளிக்கூடம் போகிற வயதிலும் அவன் கைக்கு அம்மாவின் முழுக் கை அடங்காது. அதனால் அவளுடைய சுண்டுவிரலையும் அதற்கடுத்த விரலையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நடப்பான். "பஸ் கம்பியைப் பிடிக்கிற மாதிரி பிடிக்கிறான் பாருங்க" என்பாள். அதனாலேயே அவனைச் சுண்டு என்று கூப்பிட ஆரம்பித்து, பள்ளிக்கூடத்தில் எழுதிக் கொடுத்த பெயர் எங்களுக்கே மறந்து போகும்.

ஒரு சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு இருவரும் ரோட்டைக் கடக்கையில் சரக்கு வேன் ஒன்று பிரேக் பிடிக்காமல் வந்தது. சுண்டு அங்கேயே போய்விட்டான். அவளுடைய இடது கை சக்கரத்தில் மாட்டியது; முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். பள்ளிக்கூட வாசலில் அவன் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டது வரைக்கும் அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக் கட்டில்தான். நடுவில் உள்ளது மொத்தமாக இல்லை.

துக்கம் விசாரிக்க வந்த என் சித்தி, கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, மூக்கைச் சிந்திக்கொண்டே கேட்டாள்: "புள்ளையக் கையில புடிச்சிருக்கலாமேம்மா."

சித்தி எழுந்து போய்விட்டாள், கேள்வி மட்டும் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது. நான் ஒருநாளும் அதைக் கேட்டதில்லை. "நீங்க கேக்காம இருக்கிறதும் கேக்கிற மாதிரிதான் இருக்கு" என்று ஒருதரம் சட்டைக்குப் பட்டன் தைக்கத் தெரியாமல் நான் தடுமாறிக்கொண்டிருந்தபோது சொன்னாள்.

இரண்டாவது, பரிசோதனை எப்படி நடக்கும் என்பது. லாண்டரியில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவளை, கை போன பிறகு முதலாளி கவுண்ட்டரில் உட்கார வைத்தார். அங்கே துணி போடும் டாக்டர் ஒருவர்தான், நரம்பில் பட்டை வைத்துப் பார்க்கும் இந்த ஆய்வைப் பற்றிச் சொல்லிச் சேர்த்துவிட்டார். அறுவை ஆறிய பிறகு மாதத்துக்கு இரண்டு தடவை ஆஸ்பத்திரியின் பின்பக்கத்தில் இருக்கும் சின்ன அறைக்குப் போவோம். ஒரு மேஜை, ஒரு கணினி, கையை வைத்துக்கொள்ள ஒரு திண்டு, ஜன்னலில் பாதிக்கு இறக்கிய திரை. அவள் சுவரைப் பார்த்து உட்கார வேண்டும். டெக்னீஷியன் பெண் அவளுக்குப் பின்னால். நான் அதற்கும் பின்னால், மூலை நாற்காலியில், வாயைத் திறக்காமல்.

இரண்டு பட்டைகளிலும் சேர்த்து எட்டு முனைகள். ஒவ்வொன்றிலும் துளித்துளியாக மின்சாரம் விட்டு, எங்கே படுகிறது, எப்படி இருக்கிறது என்று கேட்பார்கள். "கட்டைவிரல் நுனி, ஊசி." "நடுவிரல், பஞ்சு." அவள் சொல்லச்சொல்ல அந்தப் பெண் தட்டிக்கொள்வாள். நடுநடுவே ஒன்றுமே விடாமல் சும்மா கேட்பதும் உண்டு.

"எப்ப விடும், எப்ப விடாதுன்னு மெஷின்தான் முடிவு பண்ணும் அக்கா, எனக்கே தெரியாது" என்று முதல் நாளே அந்தப் பெண் சொல்லியிருந்தாள். தடித்த கண்ணாடி போட்டிருப்பாள். சிரித்தால் அது மூக்கின் நுனிக்கு இறங்கிவிடும். "விடாததுக்குப் பேரு சும்மா. சும்மாவுக்கு நீங்க இல்லன்னு சொல்லணும். அப்பதான் மத்ததுக்கு நீங்க ஆமான்னு சொல்றது செல்லும்."

"இவர் வீட்டுல பேசறதுல பாதி சும்மாதான். எனக்குப் பழக்கம்" என்றாள் என் மனைவி.

கண்ணாடி இறங்கியது. நானும் சிரித்தேன். அவள் கேலி பேசி நான் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

முதல் ஐந்து முனைகள் நன்றாக வேலை செய்தன. இரண்டாம் நம்பர் மட்டும் கட்டைவிரலைக் கிள்ளும். அதற்கு நாத்தனார் என்று பெயர் வைத்தாள். ஆறும் எட்டும் எறும்பு ஊர்கிற மாதிரி; பிரயோஜனமில்லை. ஏழாம் நம்பரை முதன்முதலாகத் தொட்ட அன்று அவள் பதிலே சொல்லவில்லை.

"அக்கா? ஏதாவது தெரியுதா?"

"ம்."

"எங்க?"

"சுண்டுவிரல். பக்கத்து விரலும்."

"எப்படி இருக்கு? ஊசியா, பஞ்சா?"

"அழுத்துது" என்றாள். பிறகு, "இன்னொரு தடவை போடு" என்றாள்.

அன்று பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே பேசினாள். "என்னங்க, அது அழுத்தல் இல்ல. பிடி. ரெண்டு விரலையும் சேத்து. சூடா இருந்துச்சு."

நான் கண்டக்டரிடம் டிக்கெட் வாங்குகிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

பிளாஸ்டிக் கையில் கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூன்றுக்கு மட்டும்தான் தொடுவதை உணரும் வில்லை வைத்திருந்தார்கள். பாத்திரத்தைப் பிடிக்க, பட்டன் போட அது போதும். மற்ற இரண்டு விரல்களும் பார்வைக்குத்தான். அதனால் ஏழாம் நம்பருக்கு அந்தக் கையில் எந்த வேலையும் இல்லை. ஆனால் என் மனைவி என்ன சொல்லி வைத்தாளோ, ஒவ்வொரு தடவையும் பரிசோதனை முடிந்தபின் அந்தப் பெண், "சரிக்கா, போனஸ்" என்று ஏழாம் நம்பரைச் சற்று நேரம் ஓடவிடுவாள். என் மனைவி கண்ணை மூடிக்கொள்வாள். முழங்கைக்குக் கீழே ஒன்றுமில்லாத இடத்தில், மேஜைக்கு மேலே காற்றில், யாருக்கோ வழிவிடுகிற மாதிரி அவள் தோள் ஒரு பக்கமாகச் சாயும். பொடியனோடு நடக்கும்போது அப்படித்தான் சாய்ந்து நடப்பாள்.

அந்தச் சற்று நேரத்துக்காக அவள் மற்ற எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டாள். ஊசி, கிள்ளல், எறும்பு, மணிக்கணக்கில் சுவரைப் பார்ப்பது. வீட்டிலும் மாறுதல் தெரிந்தது. பிளாஸ்டிக் கையால் டம்ளரைப் பிடித்துக் கழுவினாள். சட்டைக்குப் பட்டன் தைத்தாள். லாண்டரி முதலாளியிடம், "ரெண்டு கை வந்தாச்சு, சம்பளத்தையும் ரெண்டாக்குங்க" என்றாளாம். அவர் சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டாராம்.

பிறகு ஏழாம் நம்பருக்கு மின்சாரத்தைக் கூட்ட வேண்டியதாயிற்று. போன தடவை போதுமானதாக இருந்தது இந்தத் தடவை போதவில்லை. அந்தப் பெண் விளக்கினாள்: உள்ளே எதை வைத்தாலும் உடம்பு அதைச் சுற்றிச் சவ்வு நெய்துகொண்டே இருக்கும். முள் தைத்தால் மூடிக்கொள்கிற மாதிரிதான். ஆறுவது உடம்பின் குணம். சில முனைகளில் சவ்வு மெல்லியதாக இருக்கும், சிலதில் தடித்துவிடும். அதைத் தாண்டிப் போக அதிக மின்சாரம் வேண்டும். அதற்கும் ஓர் எல்லை உண்டு. எல்லையைத் தாண்டினால் நரம்பு கெட்டுவிடும் என்பதால் கருவி தானே மறுத்துவிடும்.

"ஆறாம இருக்க ஏதாவது மருந்து இருக்கா?" என்று கேட்டாள் என் மனைவி.

அந்தப் பெண் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"சும்மா கேட்டேன்" என்றாள் இவள்.

அப்புறமும் பரிசோதனைகள் வழக்கம்போல நடந்தன. ஏழாம் நம்பர் கேட்கும்போதெல்லாம் அவள் "ஆமா, இருக்கு" என்றாள். போனஸ் நடந்தது. தோள் சாய்ந்தது. எல்லை என்று ஒன்றைச் சொன்னார்களே, அது தள்ளிப்போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் நடுவில் அந்தப் பெண், "அக்கா, நீங்க கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க" என்று சொல்லிவிட்டு, என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். வராந்தாவில் தண்ணீர்க் குழாய் அருகே போய் நின்றோம். அவள் ஒரு பேப்பர் கப்பில் தண்ணீர் பிடித்தாள், குடிக்கவில்லை.

"அண்ணா, ஏழாம் நம்பர் செத்துப்போச்சு."

"இன்னைக்கா?"

"ரெண்டு மாசம் ஆகுது. எல்லையைத் தொட்டுடுச்சு, கருவி மூடிக்கிச்சு. அதுக்கப்புறம் அதுல ஒரு துளி கரண்ட்கூடப் போகல. ஏழுன்னு மெஷின் கேட்டதெல்லாம் சும்மாதான். எல்லாத்துக்கும் அக்கா ஆமான்னு சொல்லியிருக்காங்க."

"அப்ப போனஸு?"

அவள் கப்பைக் கையில் சுழற்றினாள். "அதுவும் சும்மாதான் அண்ணா. முதல் தடவை பட்டனை அமுக்கினப்ப எனக்கே தெரியாது. அப்புறம் ஸ்கிரீனைப் பார்த்துத் தெரிஞ்சுது. அக்கா முகத்தைப் பார்த்தேன். அப்படியே விட்டுட்டேன். விட்டிருக்கக் கூடாது."

"இருந்துட்டுப் போகட்டுமேம்மா. யாருக்கு என்ன கெட்டுப் போச்சு?"

"ஆய்வு நடத்தற டாக்டர் பதிவைப் பாத்துட்டாரு. சும்மாவுக்கெல்லாம் ஆமான்னு வந்தா, மத்த பதிலையும் எப்படி நம்பறதுன்னு கேக்கறாரு. இப்படியே போனா அக்காவை ஆய்விலேருந்து எடுத்துடுவாங்க. வளையம், கை எல்லாம் திருப்பிக் கொடுக்கணும். ஏழாம் நம்பரை மூடிட்டு மத்ததை ஒழுங்காச் சொன்னா இருக்கலாம். இன்னைக்கே சொல்லிடறேன்னு அவர் கிளம்பினாரு. நான்தான் நீங்க சொல்லட்டும்னு கேட்டு வாங்கினேன்." கப்பை அப்படியே தொட்டியில் கவிழ்த்தாள். "அவரு தூக்குல போடற மாதிரிச் சொல்வாரு அண்ணா."

நான் அங்கேயே நின்றிருந்தேன். சொல்லாமலிருக்க என்னென்ன வழி உண்டு என்றுதான் முதலில் யோசித்தேன். வீட்டில் வைத்துச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம், டாக்டரிடம் போய்க் கெஞ்சலாம். பிறகு என் தொழில் குறுக்கே வந்தது. பழைய லிஃப்ட்டுகளில் மாடி நம்பர் காட்டும் விளக்கு ஒன்று உண்டு. சில சமயம் பெட்டி அடியில் நிற்கும், விளக்கு மட்டும் நாலாம் மாடியில் எரியும். அப்படி ஒரு புகார் வந்தால் நாங்கள் முதலில் மோட்டாரைத் திறப்பதில்லை. அந்த விளக்கைத்தான் கழற்றுவோம். அதை நம்பி யாராவது கதவை இழுத்து வெறும் குழியில் காலை வைத்துவிடுவார்கள்.

அவளைக் கூட்டிக்கொண்டு போய் வண்டிகள் நிறுத்தும் கொட்டகைக்குப் பக்கத்திலிருந்த பெஞ்சில் உட்கார வைத்தேன். அந்தப் பெண் என்னிடம் சொன்னதை அதே வரிசையில் சொன்னேன். வரிசை மாற்றினால் முடிக்க முடியாது என்று தோன்றியது.

ஒரு ஆள் ஸ்கூட்டரைக் கிளப்ப உதைத்து உதைத்துப் பார்த்தான். அது கிளம்பிப் போன பிறகு அவள் கேட்டாள்.

"போனஸும் சேத்தா?"

"அதுவும் சேத்துதான்."

"நான் பொய் சொல்லணும்னு சொல்லலைங்க."

"தெரியும்."

"அவ ஏழுன்னு சொன்னதும் காத்துக்கிட்டு உக்காந்திருப்பேன். முன்னெல்லாம் காத்திருக்கிறது வேற, வர்றது வேறன்னு தெரியும். அப்புறம் ரெண்டும் ஒண்ணாயிடுச்சு." பிளாஸ்டிக் கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். "அப்படின்னா, கரண்ட் இல்லாமலே வந்தான்னு சொல்றீங்களா? இல்ல, வரவே இல்லன்னு சொல்றீங்களா?"

"தெரியல."

"லிஃப்ட்டுன்னா சொல்லியிருப்பீங்க."

"லிஃப்ட்டுன்னா சொல்லியிருப்பேன்."

அவள் சிரித்த மாதிரி இருந்தது. இல்லை.

"உங்க சித்தி கேட்டாங்களே, அதுக்கு என்கிட்ட இருந்த ஒரே பதில் அந்த ஏழாம் நம்பர்தாங்க. எனக்கு ஒண்ணுமே ஞாபகமில்ல. அவன் கையை உதறிட்டு ஓடினானா, நான் பையைச் சரி பண்ணப்போய் விட்டுட்டேனா, எதுவுமே தெரியாது. ஆனா ஏழுல அவன் பிடிச்சிருந்தான். விடவே இல்ல. ஒரு தடவைகூட விடல. அப்ப அன்னைக்கும் விட்டிருக்க மாட்டான்னு..."

"நீ விட்டிருக்க மாட்டே."

"அது நீங்க சொல்றது. கை சொல்லணும்."

அவளே எழுந்தாள். "வாங்க, அந்தப் பொண்ணு பயந்துகிட்டு இருக்கும்" என்றாள்.

அறைக்குள் போய், சுவரைப் பார்த்து, திண்டின் மேல் மேல்கையைச் சாய்த்து வழக்கம்போல உட்கார்ந்தாள்.

"ஏழு போடு."

"அக்கா, அது வந்து..." அந்தப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அன்றுவரை பரிசோதனை நடக்கும்போது அவள் என்னைப் பார்த்ததே இல்லை.

"அவர் சொல்லிட்டாரு. பரவாயில்ல, போடு. நான் பதில் சொல்லணும்ல."

பட்டன் சத்தம் கேட்டது. ஜன்னல் திரையின் கயிறு காற்றில் சுவரைத் தட்டிக்கொண்டிருந்தது. மற்ற நம்பர்களுக்கு அவள் உடனே சொல்லிவிடுவாள். இதற்கு அவள் காத்திருந்தாள். பின்னாலிருந்து எனக்கு அவள் கழுத்தும் தோளும் மட்டும்தான் தெரியும். அந்தத் தோளையே பார்த்துக்கொண்டிருந்தேன். லேசாகச் சாய்ந்தால் போதும், நானே எழுந்து டாக்டரிடம் போய் அது வேலை செய்கிறது என்று சத்தியம் பண்ணியிருப்பேன். தோள் நேராகவே இருந்தது.

"இல்ல" என்றாள்.

அந்தப் பெண் எதையும் தட்டவில்லை.

"ஏழு. இல்ல. எழுதிக்கோ" என்று வழக்கமாகப் பதில் சொல்கிற குரலில் மறுபடி சொன்னாள். "மூடிடு. நாத்தனாரைக் கூப்பிடு."

அன்று மிச்சமிருந்ததையெல்லாம் முடித்துவிட்டுத்தான் எழுந்தாள். ஒரு சும்மாவுக்குக்கூட ஆமா சொல்லவில்லை என்று அந்தப் பெண் வாசல் வரை வந்து சொன்னாள். ஏதோ பரீட்சையில் தேறியதைச் சொல்கிற மாதிரி ஆரம்பித்து, முடிக்கும்போது தலையைக் குனிந்துகொண்டாள். என் மனைவி நல்ல கையால் அவள் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டாள்.

ஆஸ்பத்திரிக்கு எதிர்ப்பக்கம்தான் பஸ் நிறுத்தம். வேலை விடுகிற நேரம். வண்டிகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு போயின. கை போனதிலிருந்து நான் எப்போதும் அவளுக்கு வலது பக்கம்தான் நடப்பேன். நல்ல கை அந்தப் பக்கம் இருப்பதால் அது வழக்கமாகிவிட்டது. இடது பக்கம் காலியாகவே வரும். அன்று சுற்றிக்கொண்டு இடது பக்கம் வந்தேன். பிளாஸ்டிக் கையில் சுண்டுவிரலையும் பக்கத்து விரலையும் சேர்த்துப் பிடித்தேன். பார்வைக்காக வைத்த விரல்கள். வழுவழுப்பாக, வெயிலில் சூடேறியிருந்தன. என் கைக்கு அவை மிகவும் சின்னவை. எப்படிப் பிடிப்பது என்றுகூடத் தெரியவில்லை.

அவள் குனிந்து என் கையைப் பார்த்தாள்.

"தெரியுதா?" என்று கேட்டேன்.

அவள் காத்திருந்தாள். உள்ளே காத்திருந்தாளே, அதே மாதிரி.

"இல்ல" என்றாள்.

வண்டிகள் கொஞ்சம் இடைவெளி விட்டன. ரோட்டைக் கடந்தோம். அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்த பிறகும், பஸ் வந்து நின்று ஆட்கள் எங்களை இடித்துக்கொண்டு ஏறிய பிறகும், நான் விடவில்லை.